தீபாவளிக்கு முன்னாடி பிடிச்ச தொண்டை வலி, ஆன்டிபயாட்டிக்குக்கும் அசையல

செம்பூர் கவிதா எழுதியது:

வணக்கம். செம்பூர்ல இருக்கேன், வயசு 36. வாஷியில ஒரு கால் சென்டர்ல தமிழ் புராசஸ்ல வேலை. இன்சூரன்ஸ் பிரீமியம் தவணை தப்பினவங்களுக்கு போன் போட்டு ஞாபகப்படுத்தணும். "சார், மும்பையிலேருந்து பேசுறேன்"னு ஆரம்பிச்சாலே பாதிப் பேர் ஏமாத்துக் கும்பல்னு நினைச்சு கட் பண்ணிடுவாங்க. அதனால குரல் தெளிவா, கொஞ்சம் சிரிச்ச முகம் தெரியுற மாதிரி இருக்கணும். என் பொழப்பே தொண்டைதான். அங்கதான் இப்ப சனி உக்காந்திருக்கு.

தீபாவளிக்கு முன்னாடி வீட்டுல எல்லாருக்கும் சளி, காய்ச்சல். பிள்ளைங்களுக்கும் அவருக்கும் சீக்கிரமே சரியாயிடுச்சு. எனக்குக் காய்ச்சல் போச்சு, தொண்டை மட்டும் சரியாகல. இதோ பொங்கலே வரப்போகுது. பயங்கர வலின்னு சொல்ல மாட்டேன். எரிச்சல், கமறல், முடி ஒண்ணு ஒட்டிக்கிட்ட மாதிரி உறுத்தல். வேடிக்கை என்னன்னா, சும்மா எச்சில் முழுங்கும்போது தெரியுது, சோறு முழுங்கும்போது தெரியல. காலையில எழுந்ததும் குரல் கட்டிப்போய் ஆம்பளைக் குரல்ல வருது. பத்து பதினொரு மணிக்கு மேல கொஞ்சம் தேவலை. ஷிப்ட் முடியுற நேரத்துல மறுபடி கரகரப்பு. செருமிக்கிட்டே இருக்கேன். கஸ்டமர் லைன்ல இருக்கும்போது செருமினா குவாலிட்டியில மார்க் குறைக்கிறாங்க, அது தனிக் கதை.

பக்கத்துப் பில்டிங்கை ரீடெவலப்மென்ட்டுக்கு இடிக்கிறாங்க. பச்சைத் துணி கட்டியிருக்காங்கன்னு பேரு. துணி துவைச்சுக் காயப்போட்டா மடிக்கும்போது சிமென்ட் தூசி கொட்டுது.

தெருமுனை டாக்டர் முதல்ல அசித்ரோமைசின் 500 மூணு நாளைக்குக் கொடுத்தார். குறைஞ்ச மாதிரி இருந்தது. திரும்பி வந்துச்சு. மறுபடி அதே, அப்புறம் வேற ஒரு ஆன்டிபயாட்டிக். கடைசியா ரத்தம் எடுக்கச் சொன்னார். ஏஎஸ்ஓன்னு ஒண்ணு, 200க்குள்ள இருக்கணுமாம், எனக்கு 320. ரிப்போர்ட்ல தடிச்ச எழுத்துல போட்டிருக்கான். "தொண்டையில கிருமி தங்கிடுச்சு, பெனிசிலின் ஊசி போட்டுக்கிட்டே வரணும், இல்லன்னா இதயத்துக்குப் போயிடும்"ங்கிறார்.

கூகுள்ல தேடினா நேரா கேன்சர்ல கொண்டுபோய் விடுது. ராத்திரி தூக்கம் வராம போன் டார்ச் அடிச்சுக் கண்ணாடியில வாயைத் திறந்து பாத்துக்கிட்டு இருந்தேன். நாக்குக்குப் பின்னாடி வரிசையா மேடு மேடா, தொண்டைச் சுவர்ல பொடிப் பொடியா சிவப்பா என்னென்னமோ இருக்கு. முழிச்சுப் பாத்த வீட்டுக்காரர் அலறிட்டார்.

அந்த ஊசி போட்டுக்கலாமா? எந்த டாக்டர்கிட்ட போறது? வேலையை விடணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மாட்டுங்கா மாமி எழுதியது:

பயப்படாதேடி கொழந்தே. இந்த ஊர்ல டிசம்பர், ஜனவரின்னா எல்லாருக்குமே தொண்டை இப்படித்தான். கற்பூரவல்லி நாலு இலை, சித்தரத்தை ஒரு துண்டு, மிளகு, பனங்கல்கண்டு போட்டு நன்னா சுண்டக் காய்ச்சிக் குடி. சித்தரத்தை மாட்டுங்கா மார்க்கெட்ல கிடைக்கும். ராத்திரி படுக்கப் போறச்சே சூடா பால்ல மஞ்சப்பொடி, மிளகுப்பொடி, ஒரு ஸ்பூன் நெய் விட்டுக் குடிச்சுட்டு அப்படியே படுத்துடு. ஆபீஸ்ல பேசறச்சே புதினா மிட்டாய் ஒண்ணு வாயில ஒதுக்கிக்கோ. ஃப்ரிட்ஜ் தண்ணியைத் தொடாதே.

ஐரோலி அருண் எழுதியது:

எனக்கும் போன வருஷம் ஏஎஸ்ஓ ஏறித்தான் இருந்தது. மூணு வாரத்துக்கு ஒரு தடவை பெனிசிலின் ஊசி. போட்ட அன்னைக்கு நடக்க முடியாது, இடுப்புலேருந்து கால் வரைக்கும் கடுக்கும். ஆனா நம்பர் குறைஞ்சிடுச்சு. தொண்டை இன்னும் அப்பப்ப வலிக்கத்தான் செய்யுது, அது வேற விஷயம். இதயம்னு டாக்டரே சொல்லிட்டப்புறம் யோசிக்காதீங்க, போட்டுக்கோங்க.

ரிட்டயர்டு சிஸ்டர் எழுதியது:

கவிதா தங்கச்சி, முதல்ல அந்த டார்ச்சை அணைங்க. நாக்கோட வேர்ப் பக்கம் வரிசையா தெரியுற மேடு எல்லார் வாயிலயும் இருக்கிறதுதான், ருசி மொட்டு இருக்கிற இடம். உடம்பு நல்லா இருக்கும்போது யாரும் எட்டிப் பாக்கிறதில்ல, அவ்வளவுதான். பின்சுவர்ல இருக்கிற பொடி மேடு, தொண்டை ரொம்ப நாளா எதனாலயோ உறுத்தப்படுதுங்கிறதுக்கு அடையாளம். எதனாலன்னு அதைப் பாத்துச் சொல்ல முடியாது.

நான் நாகர்கோவில் பக்கம். முனிசிபல் ஆஸ்பத்திரி வேலைக்குன்னு மும்பை வந்து, பாதி சர்வீஸை காது, மூக்கு, தொண்டை பாக்கிற ஈஎன்டி ஓபிடியிலயே (வெளிநோயாளிப் பிரிவு) ஓட்டிட்டு ரிட்டயர் ஆனவ. டாக்டர் இல்ல, மருந்து எழுத மாட்டேன். எதுக்குப் பயப்படணும், எதுக்கு வேண்டாம்னு சொல்லத் தெரியும்.

ஏஎஸ்ஓ விஷயத்தை முடிச்சிடுறேன், ஏன்னா இந்த ஒரு நம்பரை வெச்சு எத்தனையோ பேர் இடுப்புல ஊசி குத்தியாச்சு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ்னு ஒரு கிருமி எப்பவோ உங்க உடம்புக்குள்ள வந்துட்டுப் போயிருக்குன்னு அந்த டெஸ்ட் சொல்லுது. கிருமி போனப்புறமும் மாசக்கணக்குல நம்பர் ஏறியே கிடக்கும். இன்னைக்கு வலிக்கிற வலிக்கு அதுதான் காரணம்னு அது சொல்லவே சொல்லாது. மூட்டு மூட்டா இடம் மாறி வீங்குது, மூச்சு வாங்குது, அந்தக் கிருமி வந்துட்டுப் போனப்புறம் மூட்டையும் இதயத்தையும் தாக்குற ருமாட்டிக் காய்ச்சலா இருக்குமோன்னு சந்தேகம் வரும்போதுதான் அதுக்கு மதிப்பு. அந்த நோய் வந்து இதய வால்வு கெட்ட பிள்ளைங்களை வார்டுல பாத்திருக்கேன். மூணு வாரத்துக்கு ஒரு ஊசி அவங்களுக்கு உயிர். வெறும் 320க்காகப் போடுற ஊசி இல்ல அது. அருண் தம்பி, உங்களுக்கு என்ன நோய்னு முடிவு பண்ணி அதைப் போட்டாங்கன்னு உங்க டாக்டர்கிட்ட நேரா கேளுங்க. இதய டாக்டர் ஒருத்தர் பாத்து எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துச் சொன்னதுன்னா, நான் இங்க எழுதுறதைப் படிச்சுட்டுப் பாதியில நிறுத்திடாதீங்க.

அசல் ஸ்ட்ரெப் தொண்டை வேற மாதிரி வரும். திடீர்னு வரும், காய்ச்சல் அடிக்கும், டான்சில்ல வெள்ளையா படியும், தாடைக்குக் கீழ நெறி கட்டி தொட்டா வலிக்கும். இருமல், மூக்கு ஒழுகல் இருக்காது. பெரும்பாலும் அஞ்சுலேருந்து பதினஞ்சு வயசுப் பிள்ளைங்களுக்கு. பெரியவங்க தொண்டை வலியில பத்துக்கு ஒண்ணு அதுவா இருந்தா ஜாஸ்தி. அதுக்கு பெனிசிலினோ அமாக்சிசிலினோ முழுசா பத்து நாள். மத்ததெல்லாம் வைரஸ், ஒரு வாரம் பத்து நாள்ல தானா இறங்கும். இறங்குற நேரத்துல எந்த மாத்திரை வயித்துல இருக்கோ அது பேர் வாங்கிக்கும்.

மூணு வாரம் தாண்டின தொண்டை வலி பெரும்பாலும் தொண்டையிலயே பிறந்தது இல்ல. மேல மூக்கிலேருந்து இறங்கும், இல்லன்னா கீழ வயித்திலேருந்து ஏறும், இல்லன்னா குரலைப் போட்டு அடிக்கிறதால வரும். எங்க ஓபிடியில பெரிய டாக்டர் வாயைத் திறக்கச் சொல்றதுக்கு முன்னாடியே "கப் துக்தா ஹை?"ன்னு கேப்பார். எப்ப வலிக்குதுன்னு. அதுலயே பாதி தெரிஞ்சிடும். காலையில எழுந்ததும் மோசம், போகப் போகத் தேவலைன்னா ராத்திரி ஏதோ நடக்குது. வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்குறது, குறட்டை, மூக்கடைப்பு, இல்ல வயித்துப் புளிப்பு மேல ஏறுறது. நாள் பூரா தொண்டைக்குள்ள சளி வழியுற மாதிரி இருந்தா மூக்கு. பேசப் பேச மோசம்னா குரல். உங்களுக்கு முதலும் கடைசியும் சேர்ந்திருக்குன்னு படுது. எச்சிலுக்குத் தெரியுது, சோத்துக்குத் தெரியலங்கிறது நல்ல செய்திதான். சோறே தடைபடுதுன்னா நான் இவ்வளவு நிதானமா எழுதிக்கிட்டு இருக்க மாட்டேன்.

ராத்திரி சாப்பாடு எத்தனை மணிக்கு? சாப்பிட்டு எவ்வளவு நேரத்துல படுக்கிறீங்க? எங்க படுக்கிறீங்க, கட்டிலா, தரையா? குறட்டை உண்டா? காலையில வாய் கசக்குதா? மூக்கு அடைப்பு, அடுக்குத் தும்மல்? வேற நோய்க்கு என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? தைராய்டு ஜாஸ்திக்கு கார்பிமசோல் சாப்பிடுறவங்களுக்கு காய்ச்சலோட தொண்டை வலி வந்தா அன்னைக்கே போய் ரத்த அணு எண்ணிக்கை பாக்கணும், அதனாலதான் இதை எல்லாரையும் கேப்பேன்.

மாமி கோவிச்சுக்கக் கூடாது. பகல்ல கஷாயம் குடிக்கட்டும். படுக்கிற நேரத்துல பால், நெய், மிளகு மட்டும் இப்போதைக்கு வேண்டாம். புதினா மிட்டாயும் வேண்டாம். வயித்துக்கும் உணவுக் குழாய்க்கும் நடுவுல இருக்கிற வாசலைப் புதினா தளர்த்திவிடும்.

செம்பூர் கவிதா எழுதியது:

சிஸ்டர் அக்கா, பக்கத்துல இருந்து பாத்த மாதிரி கேக்கறீங்க. எட்டு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சு ஹார்பர் லைன்ல தொங்கிக்கிட்டு வீடு வர ஒன்பது ஆயிடும். சமைச்சு பிள்ளைங்களைத் தூங்க வெச்சா, அவர் வர பத்தரை. அவரைத் தனியா சாப்பிட விட மனசு வராது, ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவோம். அந்த ஒரு நேரம்தான் பேசிக்கிறதே. பதினொன்றேகாலுக்குப் படுத்துடுவோம். வீடு ஒரே ரூம், கட்டிலுக்கு இடமில்ல, தரையில மெத்தை.

குறட்டை விடுறேன்னு அவர் சொல்றார், நான் ஒத்துக்கிறதில்ல. காலையில வாய் கசக்கும். நெஞ்செரிச்சல் மட்டும் சுத்தமா இல்ல, அதான் வயிறுன்னு யாருக்கும் தோணல போல. ரெண்டாவது பிரசவத்துக்கப்புறம் வெயிட் ஏறினது இறங்கல. ஆபீஸ்ல ஒரு கால் முடிஞ்சா ஒரு கட்டிங் சாய். தும்மல் இந்த இடிப்பு வேலை ஆரம்பிச்சதிலேருந்து காலையில வரிசையா வருது. வேற மாத்திரை எதுவும் இல்ல. பான், புகையிலை எங்க ரெண்டு பேருக்கும் இல்ல.

முலுண்ட் மெடிக்கல்ஸ் எழுதியது:

மருந்துக் கடை வெச்சிருக்கேன், பார்மசிஸ்ட். சிஸ்டர் சொன்னதுல மாத்த ஒண்ணும் இல்ல. கவுன்ட்டர்ல தினம் பாக்கிற சிலதை மட்டும் சொல்றேன்.

தொண்டை உறுத்தல்னு ஒருத்தர் வருவார், அதுவும் வறட்டு இருமலோட. ரத்த அழுத்தத்துக்கு என்ன போடுறீங்கன்னு கேட்டா ராமிப்ரில், எனலாப்ரில்னு சீட்டை நீட்டுவார். அந்த வகை மாத்திரைக்கே அந்தக் குணம் உண்டு, சிலருக்கு ஆரம்பிச்சு மாசக்கணக்கு ஆனப்புறம்கூட வரும். டாக்டர்கிட்ட சொன்னா வேற வகைக்கு மாத்திடுவார். தானா நிறுத்தக் கூடாது. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுக்கிறவங்க வாய் கொப்பளிக்காம விட்டா வெள்ளைப் பூஞ்சை பிடிச்சுத் தொண்டை எரியும். சர்க்கரை இருந்தா இன்னும் சீக்கிரம்.

கவிதா மேடம், மூக்கு அலர்ஜின்னு டாக்டர் ஸ்டீராய்டு ஸ்ப்ரே எழுதினா அடிக்கிற விதத்தைக் கேட்டுக்கிட்டுப் போங்க. வாங்குறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் தலையை அண்ணாந்து, நடு எலும்பைப் பாத்து அடிச்சு, பலமா உறிஞ்சுறாங்க. மருந்து நேரா தொண்டைக்குப் போயிடும், கசக்குதுன்னு விட்டுடுவாங்க. தலையை லேசா குனிஞ்சு, வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. முனை காது பக்கம் பாக்கணும். மெதுவா மூச்சு இழுத்தா போதும். அன்னைக்கே பலன் தெரியாது, ஒண்ணு ரெண்டு வாரம் விடாம அடிக்கணும். உப்புத் தண்ணியில மூக்கு கழுவுறதா இருந்தா காய்ச்சி ஆற வெச்ச தண்ணிதான், குழாய்த் தண்ணி கூடவே கூடாது.

புளிப்பு மாத்திரை பத்தி ஒரு விஷயம். பான்டோப்ரசோல் கேட்டு வர்ற பாதிப் பேர் சாப்பாட்டுக்கு அப்புறம் போடுறாங்க. வெறும் வயித்துல, சாப்பிட அரை மணி முன்னாடி போட்டாத்தான் வேலை செய்யும். அப்படிப் போட்டும் தொண்டைத் தொந்தரவுக்கு அது பெரிசா கேக்கும்னு நம்பி இருக்காதீங்க. 2021ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு ஆய்வு வந்தது. நாள்பட்ட தொண்டை உறுத்தல் இருந்தவங்களுக்கு அதே வகை மாத்திரையான லான்சோப்ரசோல் 30 மில்லிகிராம் தினம் ரெண்டு வேளை, 16 வாரம் கொடுத்தாங்க. வெறும் டம்மி மாத்திரை போட்டவங்களுக்கு எவ்வளவு குறைஞ்சதோ கிட்டத்தட்ட அவ்வளவுதான் இவங்களுக்கும். நெஞ்செரிச்சலும் சேர்ந்து இருந்தா கதை வேற. கடைக்காரன் நானே இதைச் சொல்றேன், பாத்துக்கோங்க.

ரிட்டயர்டு சிஸ்டர் எழுதியது:

பார்மசிஸ்ட் தம்பி சொன்னதுதான் நானும் சொல்ல வந்தேன். மாத்திரையை விட நேரம் முக்கியம், கவிதா. வயித்துப் புளிப்பு ஏறுறவங்க எல்லாருக்கும் நெஞ்சு எரியாது. தொண்டை வரைக்கும் துளியா ஏறினாலே போதும், குரல்நாண் கிட்ட இருக்கிற சவ்வு அதைத் தாங்காது. பதினொரு மணி சாப்பாடு, உடனே மல்லாந்து படுக்கை, இது ரெண்டையும் மாத்தாம எந்த மாத்திரை போட்டும் பிரயோஜனம் இல்ல.

உங்க ராத்திரிச் சாப்பாட்டை டப்பாவுல கட்டிக்கிட்டுப் போங்க. சாயங்கால பிரேக்ல ஆபீஸ்லயே முடிச்சிடுங்க. வீட்டுல அவர் சாப்பிடும்போது பக்கத்துல உக்காருங்க, பரிமாறுங்க, பேசுங்க. உங்களுக்குத் தட்டு வேண்டாம். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூணு மணி நேரம் இடைவெளி வேணும்.

கட்டில் இருந்தா தலைமாட்டுக் காலுக்கு ஆறேழு அங்குலம் செங்கல் வைக்கச் சொல்வேன். தரை மெத்தைன்னா, மெத்தைக்கு அடியில இடுப்புலேருந்து தலை வரைக்கும் சரிவா வர்ற மாதிரி ஜமுக்காளம், பழைய ரஜாய் மடிச்சு வைங்க. தலகாணியை ரெண்டாக்கினா கழுத்துதான் மடங்கும், வயிறு இன்னும் அமுங்கும். இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுங்க. சாய் ஒண்ணு ரெண்டோட நிறுத்துங்க. வெயிட்ல கொஞ்சம் இறங்கினாலே வித்தியாசம் தெரியும், குறட்டையும் குறையும். குறட்டை விடுறதை ஒத்துக்கோங்க, அவர் பொய் சொல்லல. இதெல்லாம் பண்ணி ஒரு வாரத்துல அதிசயம் எதிர்பாக்காதீங்க, மாசம் ரெண்டு ஆகும்.

குரலுக்கு: செருமுறதை விடணும். ஒவ்வொரு செருமலுக்கும் குரல்நாண் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதி இன்னும் வீங்கும், வீங்கினா இன்னும் செருமத் தோணும். செருமல் வரும்போது ஒரு மடக்குத் தண்ணி, இல்லன்னா வெறும் எச்சிலை அழுத்தி முழுங்குங்க. தொண்டை கட்டினா குசுகுசுன்னு பேசுறது ஓய்வு இல்ல, அது இன்னும் கெடுதல். ஹெட்செட்ல உங்க குரல் உங்களுக்கே நல்லா கேக்கிற மாதிரி வைங்க, குரல் தானா இறங்கும். வெந்நீர் ஒரு டம்ளருக்கு அரை ஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளிச்சா இதமா இருக்கும், ஆனா அது இதம் மட்டும்தான்.

வேலையை விட வேண்டாம். ஆனா குரல்கட்டு மூணு வாரம் தாண்டினா குரல்நாணை ஒருத்தர் கண்ணால பாத்தே ஆகணும், காரணம் என்னன்னு நமக்குத் தெரிஞ்ச மாதிரி இருந்தாலும். பேசிப் பொழைக்கிறவங்களுக்கு அதுல காய்ப்பு விழும். காய்ப்பு இருந்தாலும் முக்கால்வாசி குரல் பயிற்சியிலயே சரியாகும், கத்தி வேண்டாம். நாயர் ஆஸ்பத்திரியில அதுக்குத் தனிப் பிரிவே இருக்கு. பாந்த்ரா ரெக்ளமேஷன்ல பேச்சு, காது கேக்கிற குறைபாட்டுக்குன்னே அலி யாவர் ஜங் இன்ஸ்டிட்யூட் இருக்கு. முதல்ல ஈஎன்டி பாருங்க, அவர் அனுப்புவார்.

மாட்டுங்கா மாமி எழுதியது:

எனக்கென்னம்மா கோவம். எங்காத்து மாமா முப்பது வருஷமா அந்தப் பாலைக் குடிச்சுட்டுத்தான் படுக்கறார். ராத்திரி பூரா செருமறார். இப்பன்னா புரியறது.

தாராவி முருகன் எழுதியது:

எல்லாரும் பேசுறதைப் பாத்து நானும் கேட்டுக்கிறேன். 90 அடி ரோட்டுல லெதர் பேக் வேலை, வயசு 44. எனக்கும் தொண்டை வலிதான், மழைக்காலத்துலேருந்து இருக்கு. வலது பக்கம் மட்டும். அதே பக்கம் காதும் குத்துது. காது டாக்டர்கிட்ட காட்டினேன், காது சுத்தமா இருக்கு ஒண்ணும் இல்லன்னுட்டார். பசை வாடையில வேலை செய்யுறதால இருக்கும்னு விட்டுட்டேன். தம்பாக்கு (புகையிலை) உண்டு, கொஞ்சமாத்தான். முன்னாடி மாவா (பாக்கு, புகையிலை, சுண்ணாம்புக் கலவை), இப்ப சுண்ணாம்பு போட்டுத் தேய்ச்சு வைக்கிறது. காரம் பட்டா வாய் எரியுறதால சாப்பாடு குறைஞ்சு போச்சு, அதனால மெலிஞ்சிருக்கேன்னு வீட்டுல சொல்றாங்க. நானும் அந்த உப்புத் தண்ணி கொப்பளிக்கலாமா சிஸ்டர்?

ரிட்டயர்டு சிஸ்டர் எழுதியது:

முருகன் தம்பி, உங்களுக்கு நான் கொப்பளிக்கச் சொல்ல மாட்டேன். கவிதாவுக்குச் சொன்ன எதையும் உங்களுக்குன்னு எடுத்துக்காதீங்க. நீங்க இந்த வாரமே ஈஎன்டி பாக்கணும்.

ஏன்னு சொல்றேன், பயமுறுத்த இல்ல. ஒரே பக்கம், மாசக்கணக்கு, அதே பக்கம் காது. தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்புல தொடர்பு இருக்கு. தொண்டையிலயோ நாக்கோட அடியிலயோ தொந்தரவு இருந்தா காதுல வலிக்கும், காதைப் பாத்தா சுத்தமாத்தான் இருக்கும். காது டாக்டர் காது சுத்தம்னு சொன்னப்புறமும் காது குத்துறதுதான் எனக்கு உறுத்துது. கூடவே தம்பாக்கு, வாய் எரிச்சல், உடம்பு மெலிவு. இத்தனையும் சேர்ந்தா ஓபிடியில வரிசையில முன்னாடி கூப்பிடுவோம்.

இப்பவே வீட்டுல ஒண்ணு பண்ணிப் பாருங்க. ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூணையும் சேர்த்து ஒண்ணுக்கு மேல ஒண்ணா செங்குத்தா நிறுத்தி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவுல விடுங்க. மூணும் நுழையணும். பாக்கு, மாவா போட்டவங்களுக்கு உள்கன்னம் விறைச்சு வாய் திறக்கிறது குறைஞ்சுகிட்டே வரும், அவங்களுக்கே தெரியாது. கன்னத்துக்குள்ள, நாக்கு ஓரத்துல வெள்ளையாவோ சிவப்பாவோ திட்டு இருக்கா, ஆறாத புண் இருக்கா, கழுத்துல கட்டி தட்டுதான்னும் வீட்டம்மாவை வெளிச்சத்துல பாக்கச் சொல்லுங்க. ஒண்ணும் தெரியலன்னாலும் போகணும். டார்ச்சுக்கு எட்டாத இடம் நிறைய இருக்கு.

உங்களுக்குப் பக்கம் சயான் ஆஸ்பத்திரிதான். கேஇஎம் போனாலும் சரி. அவங்க சந்தேகப்பட்டா ஒரு சின்னத் துண்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவாங்க. துண்டு எடுத்தா பரவிடும்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க. பரேல்ல டாடா மெமோரியல் கேன்சர் ஆஸ்பத்திரி 1941லேருந்து இருக்கு, தேவைப்பட்டா அங்க அனுப்புவாங்க. இந்த இடத்துல வர்றது சீக்கிரம் பிடிச்சா நல்லா குணமாகுற நோய். அது இல்லாமலும் போகலாம், பல் ஒண்ணு உள்ளுக்குள்ள சீழ் வெச்சுகூட இப்படி இழுத்துவிடும். ஆனா வீட்டுல இருந்துக்கிட்டு அதை நாம முடிவு பண்ண முடியாது.

செம்பூர் கவிதா எழுதியது:

அக்கா, மூக்கு வழியா குழாய் விட்டுப் பாப்பாங்களாமே? அதை நினைச்சாலே குமட்டுது. எனக்கு மூக்குல பட்ஸ் போனாலே ஆகாது. முருகன் அண்ணே, நீங்க முதல்ல போயிட்டு வாங்க, தயவுசெஞ்சு தள்ளிப் போடாதீங்க.

ரிட்டயர்டு சிஸ்டர் எழுதியது:

எத்தனையோ பேர் தலையைப் பின்னாடி பிடிச்சு நின்னவ நான், அதனால நேரா சொல்றேன். குழாய்னதும் தோட்டத்துக்குத் தண்ணி விடுறதை நினைச்சுக்காதீங்க. பென்சிலை விட மெல்லிசு, வளையும், முனையில கேமரா. முதல்ல மூக்குக்குள்ள மரத்துப்போற மருந்தை அடிப்பாங்க. அது தொண்டையில இறங்கும்போது வாந்தி வர்ற மாதிரிக் கசக்கும். உண்மையில கஷ்டம்னா அந்தக் கசப்புதான். அப்புறம் தொண்டை தடிச்சுப்போன மாதிரி, எச்சில் முழுங்கவே முடியாத மாதிரித் தோணும். முழுங்க முடியும், மரத்துப் போனதால தெரியாது, அவ்வளவுதான். அப்ப பயந்து மூச்சைப் பிடிக்கிறவங்கதான் அவஸ்தைப்படுவாங்க. வாயை மூடி மூக்கால மெதுவா மூச்சு விட்டுக்கிட்டே இருங்க. குமட்டல் வர்றது பெரும்பாலும் வாய் வழியா போகும்போதுதான், இது நாக்கைத் தொடாது.

உள்ள போனதும் "ஈ"ன்னு இழுத்துச் சொல்லச் சொல்வாங்க. அப்ப குரல்நாண் ரெண்டும் வந்து சேரும். மூச்சு இழுத்தா விலகும். திரையில உங்களுக்கே தெரியும், வெள்ளையா ரெண்டு பட்டை. ரெண்டு மூணு நிமிஷ வேலை. முடிஞ்சு மரப்பு விடுற வரைக்கும் தண்ணி, சாய் எதுவும் குடிக்காதீங்க, புரையேறும். அன்னைக்கு ஷிப்டுக்கே போகலாம். போட்ட ஆன்டிபயாட்டிக் அட்டை, ஏஎஸ்ஓ ரிப்போர்ட் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க.

தாராவி முருகன் எழுதியது:

சிஸ்டர், ரெண்டு விரல்தான் போகுது. மூணாவது போகல. வீட்டுல பாத்துட்டு அழ ஆரம்பிச்சுட்டாங்க. நாளைக்கு ஒரு ஆர்டர் டெலிவரி இருக்கு, அதை முடிச்சுட்டு நாளன்னைக்குப் போகவா?

ரிட்டயர்டு சிஸ்டர் எழுதியது:

நாளைக்கே போங்க தம்பி, டெலிவரிக்கு வேற ஆளை அனுப்புங்க. கேஸ் பேப்பர் (ஓபி சீட்டு) எடுக்கிற ஜன்னல் வரிசை காலையிலயே நீளமாயிடும், சீக்கிரம் போய் நில்லுங்க. ஆதார் கார்டு, காது டாக்டர் எழுதின சீட்டு எடுத்துக்கோங்க. வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போங்க, டாக்டர் சொல்றதைக் கேக்க ரெண்டு காது பத்தாது. தம்பாக்கு எத்தனை வருஷம்னு கேப்பாங்க, "கொஞ்சம்தான்"னு அங்க சொல்லாதீங்க, உள்ளதைச் சொல்லுங்க. வாய் திறக்கிறது குறைஞ்சிருக்குன்னு நீங்களே முதல்ல சொல்லுங்க. பாத்துட்டு வந்து என்ன சொன்னாங்கன்னு எழுதுங்க, ராத்திரி பாக்கிறேன்.